தூணுக்குப் பின்னால் நின்ற சீனியம்மாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

வீடு வீடாகப் போய் வயசானவர்களைப் பார்க்கிற வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். "ஞாபக மறதியைப் பத்தி நாலு பாயிண்ட் எழுதிக் குடுங்க சிஸ்டர், மீட்டிங்ல வாசிக்கோம்" என்று போனில் கேட்டீர்கள். நாலு பாயிண்ட் எழுத நான் எதற்கு? பிரஷரைக் கட்டுக்குள் வை, சுகரைப் பார், தினமும் நட, நாலு பேரோடு பேசிப் பழகு, காது மந்தம் என்றால் மெஷின் வாங்கி மாட்டு, புத்தி தெளிவாக இருக்கும்போதே பின்னால் யார் என்ன செய்யணும் என்று சொல்லி வை. ஆயிற்று. நாலு கேட்டீர்கள், ஆறாகவே கொடுத்துவிட்டேன். இதே பாயிண்டுகளை நோட்டீசாக அடித்து ராஜபாளையத்தில் எத்தனையோ வீட்டுச் சுவரில் நானே பசை தடவி ஒட்டியிருக்கிறேன். அப்படி நோட்டீஸ் ஒட்டிய ஒரு வீட்டில் நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மீட்டிங்கில் வாசிக்க மனசு வந்தால் வாசியுங்கள்.

அந்த வீட்டில் இரண்டு பேர். அம்மா சீனியம்மாள், அறுபத்தெட்டு வயசு. நூல் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர். புருஷன் எப்போதோ தவறிவிட்டார். மகள் மாரிக்கு முப்பத்து மூன்று வயசு. ஆனால் மனசு ஏழு வயசுப் பிள்ளையின் மனசு. சொன்னதைச் செய்வாள். சொல்லாததைச் செய்யத் தெரியாது. துட்டு எண்ணத் தெரியாது, எழுத்து தெரியாது, சிரிக்க மட்டும் நன்றாகத் தெரியும். நான் வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, சீனியம்மாளுக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கப் போவேன்.

நம் ஊரில் மில்லில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். அதை யாரும் நோய் என்றே நினைப்பதில்லை. அந்த மெஷின் சத்தத்தில் வாயைத் திறந்து பேசினால் பக்கத்தில் நிற்பவளுக்குக் கூடக் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியுமே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், டீ குடிக்கப் போவோமா, எல்லாவற்றுக்கும் ஒரு கையசைவு உண்டு. சீனியம்மாள் அந்தப் பேச்சை மாரிக்கும் பழக்கியிருந்தார். அம்மா அடுப்படியில் நின்று கையைக் காட்டுவார், மகள் வாசலில் இருந்து சிரித்துக்கொண்டே வருவாள். எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. நான் கத்துவேன். முப்பது வருஷம் கத்திக் கத்தி வீட்டிலும் அதே குரல் ஆகிவிட்டது. "ஏட்டி, நான் உன் பேஷண்ட் இல்லட்டி" என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

"மாத்திரை முடிஞ்சிருச்சா?" என்று கேட்டால் சீனியம்மாள் சிரித்துக்கொண்டு, "நல்லாருக்கேன் சிஸ்டர்" என்பார். காது கேட்கவில்லை என்று நான் மறுபடியும் கத்துவேன். "மாரி, சிஸ்டருக்குத் தண்ணி கொண்டா" என்பார். செத்த நேரம் கழித்து மறுபடியும், "மாரி, சிஸ்டருக்குத் தண்ணி கொண்டா." என் முன்னால் மூன்று டம்ளர் தண்ணீர் இருக்கும். நான் பிரஷர் மெஷினைப் பார்த்துக்கொண்டே அவருடைய மருத்துவ அட்டையில் "காது மந்தம்" என்று எழுதுவேன். ஒன்றரை வருஷம் அதையே எழுதினேன்.

ஒரு வியாழக்கிழமை பிரஷர் தாறுமாறாக ஏறிக் கிடந்தது. "மாத்திரை சாப்பிடுதீகளா இல்லையா?" என்று நான் போட்ட சத்தத்தில் மாரி பயந்துபோய் அரிசி டிரம்மைத் திறந்து காட்டினாள். உள்ளே மாத்திரை அட்டைகள். நான் கொடுத்தவைதான், நான்கு வாரத்து மாத்திரை. பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறார், வைத்ததை மறந்துவிட்டார்.

மறுநாளே இரண்டு பேரையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். "டாக்டர், மில் காது, சத்தமாப் பேசுங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துச் சீனியம்மாளின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். சாதாரணக் குரலில் பேசினார். சீனியம்மாள் உதட்டைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மில்லில் எந்த வருஷம் சேர்ந்தார், அங்கே எத்தனை மெஷின், எல்லாம் வந்தது. "இது என்ன மாசம்மா?" என்று கேட்டபோது சிரித்தார். "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றபோதும் சிரித்தார். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார் டாக்டர். வட்டத்துக்குள் எல்லா எண்ணும் ஒரே பக்கமாகக் குவிந்து கிடந்தது.

"சிஸ்டர், காது கேக்காதவங்க 'என்ன சொன்னீங்க?'ன்னு திருப்பிக் கேப்பாங்க. இவங்க கேள்விய விட்டுட்டுச் சிரிக்காங்க. இது காது மட்டும் இல்ல, மறதி நோய். இம்புட்டு நாளா நீங்க கவனிக்கலையா?" என்றார் டாக்டர். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. பிறகு அவர் சொன்னதை நான் அப்போது சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. "இப்பவும் முக்கால்வாசி நேரம் தெளிவாத்தான் இருக்காங்க. வெளிய போகட்டும், மனுசங்களோட பழகட்டும். அந்தப் பொண்ணுக்கு என்ன ஏற்பாடு பண்ணணுமோ அதை இவங்ககிட்டயே கேட்டு இப்பவே பண்ணிருங்க. இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா கேக்க முடியாது" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சீனியம்மாள் என் பக்கம் திரும்பினார். மாரி ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், இன்னும் எம்புட்டு நாள் எனக்குப் புத்தி நெலைல இருக்கும்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நீங்க நூறு வயசு இருப்பீக."

"நூறு வயச வச்சு என்ன செய்ய? மாரிக்கு ஒரு வழி பண்ணணும்லா."

"அதைப் பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுங்க."

அவர் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளைகளே, அன்றைக்கு அந்த அம்மா வாயைத் திறந்தது அதைப் பேசத்தான். தைரியம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டேன். என்னிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஓவராக உஷாராகிவிட்டேன். ஒன்றரை வருஷம் கோட்டைவிட்டவளுக்கு இப்போது எல்லாமே நோயாகத் தெரிந்தது. இரண்டு மாதம் போயிருக்கும். எதிர் வீட்டில் பெட்டிக் கடை வைத்திருக்கும் பரமசிவம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், சீனியம்மா போக்கு சரியில்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிருதா. எங்கன்னு கேட்டா சும்மாங்கா. ஒரு நாள் தொலைஞ்சிருவாக ரெண்டு பேரும்."

மறதிக்காரர்கள் வழி தெரியாமல் அலைவார்கள் என்று நமக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? சரி, அதுவும் ஆரம்பித்துவிட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். எங்கே போகிறீர்கள் என்று அவரை உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் உறவில் ஒரு காதுகுத்து. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் மாரி தன்னந்தனியாக நிற்கிறாள். கையில் ஒரு மஞ்சள் பை. முன்னால் ரோஸ் கலர் அடித்த டவுன் பஸ் ஒன்று நிற்கிறது, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். மாரி அதன் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினேன்.

"எங்கட்டி ஏறுத? அம்மா எங்க?"

தள்ளி இருந்த ஒரு தூணைப் பார்த்தாள். அந்தத் தூணுக்குப் பின்னால், பால்கோவா கடை ஓரமாக, சீனியம்மாள் நின்றுகொண்டிருந்தார். முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். வலது கையை நெஞ்சுக்கு நேராக வைத்து முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைத்தான் போ போ என்று விரட்டுகிறார் என்று நினைத்தேன். புத்தி பேதலித்து நிற்கிறார் என்றும் நினைத்தேன்.

"பிள்ளையத் தொலைச்சிட்டு இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டு நிக்கீகளே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"தொலைக்கல சிஸ்டர். பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன்."

"என்னத்தப் பாத்தீக? நான் மட்டும் வரலைன்னா அவ எங்க போயிருப்பா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "புத்தி சரியில்லாத அம்மாவா?" என்று ஒருவர் கேட்டார். "வீட்ல கட்டிப் போடணும்மா" என்றார் இன்னொருவர். சீனியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். மாரி பக்கம் திரும்பி, அந்த ரோஸ் கலர் பஸ்ஸைக் காட்டி, விரலை ஆட்டிச் சொன்னேன்: "இனிமே இங்க வந்து இந்தப் பஸ்ல ஏறக் கூடாது. ஏறுனா சிஸ்டர் ஏசுவேன், கேட்டியா?" மாரி தலையாட்டினாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று முதலிலேயே எழுதினேன்.

இரண்டு பேரையும் கொண்டுவந்து வீட்டில் விட்டேன். அவர்கள் பஸ் ஸ்டாப் பக்கம் வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தேன். பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்ட மாதிரி அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அண்ணாச்சி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் வாசலைத் தாண்ட விடாமல் வைத்தபிறகு சீனியம்மாள் மளமளவென்று சரிந்துவிட்டார். வெளியே போகட்டும், மனுசரோடு பழகட்டும் என்று டாக்டர் சொன்னது சீனியம்மாள் வீட்டுச் சுவரிலேயே என் நோட்டீசில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றுகொண்டு, "பஸ் போயிரும், பஸ் போயிரும்" என்று பதறுவாராம். ஒரு வியாழக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு தடவை போனாப் போதும் சிஸ்டர், ரெண்டே தடவை" என்று கெஞ்சினார். "சரி சரி, போகலாம்" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, அட்டையில் "வெளியே போக முயல்கிறார்" என்று எழுதினேன். நாலைந்து மாதத்தில் பஸ் என்ற வார்த்தையும் அவரிடமிருந்து போய்விட்டது. கடைசியில் என் பெயரும் போனது. கை மட்டும் போகவில்லை. பாயில் உட்கார்ந்துகொண்டு, மாரியைப் பார்த்து நெஞ்சிலிருந்து முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டே இருப்பார். மாரி சிரிப்பாள்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. ஒன்பது மணிக்குப் போனேன். அண்ணாச்சி கடை பூட்டியிருந்தது, மகள் வீட்டுக்குச் சிவகாசி போயிருந்தார். சீனியம்மாள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவர் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தொட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. விடியும் முன்னாலேயே தூக்கத்தில் போயிருக்கிறார். கழுத்து வரைக்கும் போர்வையை யாரோ இழுத்து விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. மாரியைக் காணோம்.

பதினொரு மணி வரைக்கும் தெருவே தேடியது. கிணற்றை எட்டிப் பார்த்தோம். கண்மாய்க் கரைக்கு இரண்டு பேர் ஓடினார்கள். அடுப்படிச் சுவரில் கரியால் பெரிது பெரிதாக ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. இத்தனை நாளாக அதைப் பார்த்திருக்கிறேன், யாருடையது என்று கேட்டதில்லை. அடித்தேன். வன்னியம்பட்டியில் இருக்கும் சீனியம்மாளின் தங்கை, ராமலட்சுமி, எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, எக்கா!" என்று அலறினார். செத்த நேரம் அழுதுவிட்டு, "மாரி கெளம்பிட்டாளா?" என்று கேட்டார்.

"எங்கம்மா கெளம்பணும்?"

"இங்கதான். அக்கா பழக்கி வச்சிருக்காள்லா. எனக்கு முட்டு வலி, நினைச்ச நேரம் ராஜபாளையம் வர முடியாது. அதனால, 'அம்மா எந்திரிக்கலைன்னா பையத் தூக்கிக்கிட்டு சித்திகிட்டப் போயிரு'ன்னு சொல்லிச் சொல்லிப் பழக்குனா. ரோஸ் கலர் பஸ்ஸு, துட்டு எண்ண வேண்டாம், கலரப் பாத்து ஏறிருவா. வில்லிபுத்தூர்ல எறங்கி வேற பஸ் மாறணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்தாக. பொறவு அவளைத் தனியா விட்டுட்டு இவ பின்னாலயே ஒளிஞ்சு வந்தா. தூர நின்னு கையக் காட்டுவா, அது ஏறிக்கிடும். இன்னும் ரெண்டு தடவை வந்தா தன்னால வந்துருவான்னு சொன்னா. அதுக்குப் பொறவு வரவே இல்ல. மேலுக்குச் சொகமில்ல போலன்னு இருந்துட்டேன் சிஸ்டர்."

"நம்மகிட்டச் சொல்லியிருக்கலாம்லாம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மறதி வந்துருச்சுன்னு வெளிய தெரிஞ்சா பிள்ளையக் கொண்டுபோய் ஹோம்ல விட்ருவாகன்னு பயந்தா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்குனா."

போனை வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தன் புத்தி போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்த ஒரு மனுஷி, மிச்சம் இருந்த புத்தியை எல்லாம் கூட்டி, பிள்ளைக்கு ஒரு பாதை போட்டிருக்கிறார். நோட்டீசில் நான் ஒட்டிய ஆறாவது பாயிண்ட்டை எனக்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டார். நான் அதற்கு அலைச்சல் என்று பெயர் வைத்தேன். நீங்கள் ஒரு வீட்டுக்குப் போனால், மறந்துபோனது என்ன என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "என்ன ஏற்பாடு பண்ணி வச்சிருக்கீக, நான் எதுல ஒத்தாசை பண்ணணும்?" என்று முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேளுங்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிகிற காலத்தில் கேளுங்கள். எனக்கு அந்தக் காலம் இருந்தது, பஸ்ஸில் என் பக்கத்து சீட்டிலேயே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. மாரி அங்கே இருந்தாள். அதே இடத்தில், தூணுக்கு எதிரே உள்ள சிமெண்டு பெஞ்சில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையில் மடித்த இரண்டு துணி, ஒரு சீப்பு, போட்டோ ஒட்டிய அம்மாவின் பழைய மில் கார்டு. சீனியம்மாள் எப்போதோ கட்டி வைத்த பை.

"வெள்ளனயே வந்துருச்சு. அந்தத் தூணையே பாத்துக்கிட்டு இருக்கு. இட்லி வாங்கிக் குடுத்தேன், தொடல" என்றார் பூ விற்கிற அம்மா.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்தவில்லை. அவள் முகத்துக்கு நேராகத் திரும்பிக்கொண்டேன்.

"அம்மா எந்திரிக்கல" என்றாள் மாரி.

"ஆமாம்மா."

"தண்ணி வச்சேன். எந்திரிக்கல."

"பாத்தேன்டா தங்கம்." ராஜபாளையத்திலிருந்து தனியாக வந்துவிட்டாள். பாதி வழிக்கு மேல் அம்மா பழக்கி முடிக்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் இங்கேயே உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். "சித்தி வீட்டுக்கு எந்தப் பஸ்னு தெரியலையாம்மா?"

அவள் உடனே கையை நீட்டினாள். "அந்தா நிக்குல்லா."

வன்னியம்பட்டி போகிற ரோஸ் கலர் பஸ் நின்றுகொண்டிருந்தது.

"காலைலயும் வந்துச்சு. பொறவும் வந்துச்சு" என்றாள்.

"பொறவு ஏன் ஏறல?"

மாரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். தப்பு செய்யாமல் நல்ல பிள்ளையாக இருந்தேன் என்று சொல்லுகிற முகம்.

"இங்க ஏறுனா நீங்க ஏசுவீகள்லா."

கண்டக்டர் விசில் கொடுக்கத் தயாராக இருந்தார். வன்னியம்பட்டிக்குப் போய், முட்டு வலிக்காரச் சித்தியையும் கூட்டிக்கொண்டு சீனியம்மாளை அடக்கம் செய்யத் திரும்பி வர வேண்டும். நான் எழுந்து, "வா, ஏறு" என்றேன். மாரி பஸ் பக்கத்தில் போய் நின்றாள். படியில் காலை வைக்கவில்லை. திரும்பித் தூணைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு அந்த மில் பாஷையில் ஒரு எழுத்தும் தெரியாது என்று சொன்னேன். நான் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வலது கையை நெஞ்சுக்கு நேராக வைத்து, சீனியம்மாள் காட்டிய மாதிரியே, முன்னால் தள்ளிக் காட்டினேன். மாரி ஏறினாள்.